தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

நர்சரியில் செடி வாங்குகிறவர்கள் கிளம்பும்போது தவறாமல் கேட்பது இது: "இதுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி ஊத்தணும்?" பதிலும் தயாராக இருக்கும்: "தினமும் ஒரு வேளை ஊத்துங்க, போதும்." செம்மண்ணும் தொழுவுரமும் போட்டு நிரப்பிய தொட்டிக்கு இந்தப் பதில் ஓரளவு பொருந்தும். கோகோபீட் நிரப்பிய தொட்டிக்குப் பொருந்தாது. ஒரே மொட்டைமாடியில், ஒரே அளவுப் பையில், ஒரே கோகோபீட்டில் நிற்கும் இரண்டு செடிகளில் ஒன்று வாரம் முழுக்கத் தண்ணீர் கேட்காமல் இருக்கும். மற்றது காலையில் ஊற்றியதை மாலைக்குள் குடித்துவிட்டு மறுபடி கேட்கும். இரண்டுக்கும் "தினம் ஒரு வேளை" என்று ஊற்றினால் முதல் செடி அழுகும், இரண்டாவது வாடும்.

அப்படியானால் எப்போது ஊற்றுவது? கோகோபீட்டின் உடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், நாள்கணக்கு இல்லாமலே இதற்கு விடை சொல்லிவிடலாம்.

அரை லிட்டர் பொருள், ஒன்பதரை லிட்டர் இடைவெளி

தேங்காய் மட்டையை நார் மில்லில் அடித்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற தூள்தான் கோகோபீட். மட்டைக்குள் நார்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்கும் மென்மையான திசு அது. பொள்ளாச்சி, உடுமலை, சிங்கம்புணரி வட்டாரங்களில் மில்களின் பின்புறம் இது குன்றாகக் குவிந்து கிடக்கும். ஒரு காலத்தில் இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே மில்காரர்களின் கவலையாக இருந்தது. 1980களுக்குப் பிறகு நெதர்லாந்து போன்ற நாடுகளின் பசுமைக்குடில்காரர்கள், சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுக்கும் பீட் மக்குக்கு மாற்றாக இதை வாங்கத் தொடங்கியதும் கழிவு சரக்காகிவிட்டது. இந்தியாவும் இலங்கையும் இன்று உலகத்துக்கே இதை ஏற்றுமதி செய்கின்றன. நம் தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பிலும் இரண்டு கிலோ நார்க்கழிவுக் கட்டி இடம்பெற்றிருக்கிறது.

கடையில் கிடைக்கும் ஐந்து கிலோ கட்டியை ஒரு பெரிய தொட்டியில் போட்டுச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் விட்டால், அது உப்பி ஏறக்குறைய 70 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கிலேயே எல்லாச் செய்தியும் இருக்கிறது. 10 லிட்டர் பையை நிரப்ப முக்கால் கிலோவுக்கும் குறைவான உலர்ந்த தூள் போதும். அந்தத் தூளில் காற்று, நீர் எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் திடப்பொருளை மட்டும் அளந்தால் அரை லிட்டர்கூடத் தேறாது. மீதி ஒன்பதரை லிட்டரும் இடைவெளி. சாதாரணத் தோட்ட மண்ணில் பாதிதான் இடைவெளி.

ஒரு சிட்டிகை தூளை உள்ளங்கையில் பரப்பிப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு துகளும் கெட்டியான பொடியாக இருக்காது. ஓட்டை ஓட்டையாக இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த ஓட்டைகள் மெல்லிய சுவர்கொண்ட வெற்று உயிரணுக்கள் என்பது தெரியும். ஆகவே தண்ணீர் தங்குவதற்கு இதில் இரண்டு வகை இடம் உண்டு. துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கும் பெரிய இடைவெளி ஒன்று. துகளுக்குள்ளேயே இருக்கும் நுண்ணிய இடைவெளி மற்றொன்று. தண்ணீர் ஊற்றியதும் இரண்டும் நிறைகின்றன. சில நிமிடங்களில் பெரிய இடைவெளியில் உள்ள நீர் அடித்துளை வழியே வடிந்து, அந்த இடத்தில் காற்று நுழைகிறது. நுண்ணிய இடைவெளியில் உள்ள நீர் வடியாமல் நிற்கிறது. வேருக்குத் தண்ணீரும் காற்றும் ஒரே சமயத்தில் கிடைப்பது இதனால்தான். நடுத்தரமாகச் சலித்த தூள் என்றால் 10 லிட்டர் பையில் வடிந்து முடிந்த பிறகு ஆறு முதல் ஏழு லிட்டர் தண்ணீரும் மூன்று லிட்டர் காற்றும் இருக்கும்.

இந்த ஆறேழு லிட்டரும் முழுதாகச் செடிக்குப் பயன்படாது. 1972இல் பெல்ஜியத்தின் டி பூட், வெர்டோங்க் என்ற இரு விஞ்ஞானிகள் தொட்டி ஊடகங்களில் உள்ள நீரை, அதை வெளியே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை வைத்துப் பிரித்தார்கள். மெல்ல இழுத்தாலே வந்துவிடும் நீர், செடி சிரமமில்லாமல் குடிக்கும் நீர். அதற்கடுத்தது கொஞ்சம் பாடுபட்டுக் குடிக்கிற இருப்பு. மிச்சம், துகளுக்குள் இறுகப் பிடிபட்டிருக்கும் நீர். கைக்கு ஈரமாகத் தெரியும், வேருக்கு எட்டாது. கோகோபீட்டில் முதல் வகை நீர் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 10 லிட்டர் பையில் இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டால் ஈரம் இருக்கிறதே, செடி ஏன் வாடுகிறது என்று பலர் குழம்புவதற்கு இது ஒரு காரணம்.

எடையே அளவுகோல்

இப்போது ஒரு எளிய கூட்டல். பை 10 லிட்டர். உலர்ந்த தூள் முக்கால் கிலோ. பிடித்திருக்கும் நீர் ஆறரை கிலோ. பையின் எடை, செடியின் எடை எல்லாம் சேர்த்து ஏழரை கிலோ என்று கொள்வோம். செடி தனக்கு எளிதில் கிடைக்கும் இரண்டரை லிட்டரைக் குடித்து முடிக்கும்போது பை ஐந்து கிலோவுக்கு இறங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கு எடை காணாமல் போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தராசே வேண்டாம், கை போதும்.

செம்மண் நிரப்பிய அதே பை நீர் வடிந்த பிறகு பதினாறு கிலோ இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் நீர் குறைந்தாலும் கைக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மண் நிரப்பிய தொட்டிக்கு விரலை விட்டுப் பார்க்கும் வழக்கம் வந்ததற்கு இப்படி ஒரு நியாயம் உண்டு. கோகோபீட் தொட்டியின் எடையோ பெரும்பாலும் தண்ணீரின் எடைதான். எனவே எடை குறைந்தது என்றால் தண்ணீர் குறைந்தது என்றே பொருள்.

முதல்முறை நன்றாக நனைத்து, துளை வழியே சொட்டுவது நின்றபின் பையை இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தை மனதில் வைத்துக்கொண்டு தினமும் ஒரே நேரத்தில் தூக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று கை சொல்லும் நாளில் தண்ணீர் ஊற்றுங்கள். பெரிய தொட்டியை முழுதாகத் தூக்க வேண்டியதில்லை. ஒரு பக்க விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்தாலே கனம் புரியும். எல்லாத் தொட்டியையும் தூக்க வேண்டாம்; ஒரே செடி, ஒரே அளவு, ஒரே வெயில் என்று வரிசையாக இருப்பவற்றில் ஒன்றைத் தூக்கினால் மற்றவையும் அப்படியே இருக்கும்.

மேற்பரப்பை மட்டும் நம்பக் கூடாது. ஈரமான கோகோபீட் அடர்ந்த காப்பி நிறம். காய்ந்தால் வெளிறிய மரத்தூள் நிறம். வெயிலில் மேலே இருக்கும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அரை நாளிலேயே வெளிறிவிடும். அப்படிக் காய்ந்த படலம் கீழே உள்ள ஈரம் ஆவியாகாமல் மூடி வைத்திருக்கும். மேலே பார்த்துவிட்டு "காஞ்சு போச்சே" என்று ஊற்றுகிறவர்கள், கீழே ஏற்கெனவே நிறைந்திருக்கும் நீரின் மேல் இன்னும் நீரைச் சேர்க்கிறார்கள். தொட்டியைத் தட்டும்போது பொடிப்பொடிக் கறுப்பு ஈக்கள் எழும்பினால், மேற்பரப்பு காயவே நேரம் கிடைக்காமல் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வானம் கேட்பது எவ்வளவு?

பையில் இரண்டரை லிட்டர் இருக்கிறது, சரி. அது எத்தனை நாள் வரும் என்பதை வெயிலும் காற்றும் இலைப்பரப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வேளாண் விஞ்ஞானிகள் இதை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் போனால் அது ஒரு லிட்டர். சென்னை போன்ற ஊரில் அக்னி நட்சத்திர நாட்களில் பசும்பரப்பிலிருந்து தினமும் சுமார் 6 மில்லிமீட்டரும், மார்கழியில் அதில் பாதிக்குச் சற்று மேலும் ஆவியாகிறது.

நாற்று நட்ட முதல் வாரத்தில் செடிக்கு நாலைந்து இலைதான். அது குடிப்பதைவிடப் பையின் வாய் வழியே ஆவியாவதே அதிகம். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு கால் லிட்டர்கூட ஆகாது. பை பத்து நாள் தாங்கும். இதே செடி வளர்ந்து அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் குடை விரித்ததும் மே மாதத்தில் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கேட்கும். பை இரண்டரை நாள் வரும். காய்பிடித்த தக்காளி அறுபது சென்டிமீட்டருக்குப் படர்ந்து நிற்கும்போது ஒன்றே முக்கால் லிட்டர். சுடுகிற சிமெண்டுத் தளமும் வெப்பக்காற்றும் சேர்ந்தால் இரண்டரை லிட்டரையே தாண்டும். அப்போது தினம் ஒரு முறை ஊற்றியும் பற்றாது. மார்கழியில் இந்தக் கணக்கெல்லாம் பாதியாகும். செடி மாறவில்லை, பை மாறவில்லை, கோகோபீட் மாறவில்லை. ஊற்றும் இடைவெளி மட்டும் பத்து நாளிலிருந்து ஒரு நாளுக்கும் கீழே வந்திருக்கிறது.

தொட்டி சிறுத்தால் இடைவெளியும் சுருங்கும். காய்கறி நாற்று வளர்க்கும் 98 குழித் தட்டில் ஒரு குழிக்குள் அடங்குவது ஒரு கைப்பிடிகூட இல்லை. கோடையில் அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது பூவாளி காட்ட வேண்டும். அதே தட்டுக்கு விதைத்த முதல் சில நாட்களில் தண்ணீரே தேவையில்லை என்பது வேடிக்கை. ஈரப்படுத்திய கோகோபீட்டில் விதையை ஊன்றி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடிவிடுவார்கள். ஆவியாக வழியில்லாததால் உள்ளே இருக்கும் ஈரமே முளைப்புக்குப் போதும். முளை தலைகாட்டியதும் தாளை எடுத்துத் தட்டுகளைப் பரப்புவார்கள். அன்றிலிருந்து பூவாளிக்கு வேலை வரும்.

சுட்ட மண் தொட்டி பக்கச் சுவர் வழியாகவும் நீரை ஆவியாக்கும். பிளாஸ்டிக் தொட்டி அப்படிச் செய்யாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய செடிக்குப் பழைய பழக்கத்திலேயே ஊற்றினால் கணக்கு தவறும்.

அடியில் நிற்கும் நீர்

தண்ணீர் அதிகமானால் செடி செத்துப்போகிறது என்கிறோம். உண்மையில் கொல்வது காற்றில்லாமை. வேரும் மூச்சுவிடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீருக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். வேரைச் சுற்றியுள்ள இடைவெளி முழுவதும் நீராக இருந்தால் மூச்சுத் திணறும். கோடையில் இது இன்னும் மோசம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். வேரோ வெப்பத்தில் கூடுதலாக மூச்சுவிடும். மே மாத மதியத்தில் மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நேராக வரும் சுடுநீரை வேரில் விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேர் அழுகிய செடியும் இலை தொங்கித்தான் நிற்கும். தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றினால் முடிந்தது கதை. தொங்கும் இலையைப் பார்த்ததும் குடத்தைத் தேடாமல் தொட்டியைத் தூக்கிப் பார்த்தால், கனமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா என்பதிலேயே நோய் எது என்று தெரிந்துவிடும். கத்தரியும் பூசணியும் உச்சி வெயிலில் இலையைத் தொங்கவிட்டு, சாயங்காலம் தானே நிமிர்ந்துகொள்வது வேறு விஷயம். அதற்கு மருந்து தேவையில்லை.

எல்லாத் தொட்டியிலும் அடிப்பகுதியில் ஒரு ஈரப்பட்டை நிரந்தரமாக இருக்கும். சொட்டுவது நின்றபின் ஒரு தொட்டியை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். நின்றுபோன தண்ணீர் மறுபடி கோடாக ஒழுகும். நுண்ணிய இடைவெளிகள் நீரை மேலே இழுத்துப் பிடிக்கும் விசையும், பூமி கீழே இழுக்கும் விசையும் சமமாகும் உயரம் வரை அந்தப் பட்டை நிற்கிறது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது தூளின் பொடி அளவு. தொட்டியின் உயரம் இல்லை. ஆகவே தட்டையான தொட்டியில் பாதிக்கு மேல் சேறாகிவிடும். அதே கொள்ளளவுள்ள உயரமான தொட்டியில் மேல்பகுதி முழுக்கக் காற்றோட்டமாக இருக்கும். அடியில் ஓட்டுச்சில்லும் ஜல்லியும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது பழைய நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மெல்லிய துகளிலிருந்து பெரிய ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்காது. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தூள் ஒழுகாமலிருக்கத் துளையின் மேல் ஒரே ஒரு ஓட்டுச்சில்லைக் கவிழ்ப்பது போதும். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடியைக் காப்பாற்றப் போவது அந்த இடைவெளிதான்.

நெதர்லாந்துப் பசுமைக்குடில்களில் கோகோபீட் பலகைகளில் நிற்கும் தக்காளிக்கு ஒரே பகலில் பலமுறை சொட்டுநீர் விடுகிறார்கள். செடி அழுகுவதில்லை. அங்கே தூளோடு பெரிய மட்டைச் சில்லுகளும் கலந்திருக்கும், காற்று குறையாது. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த செடி குடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகவே விடுவார்கள். எத்தனை முறை விடுவது என்பதையும் அன்றைய வெயிலை அளக்கும் கருவி முடிவு செய்யும். மேகமூட்டமான நாளில் முறைகள் தாமாகக் குறைந்துவிடும். அடிக்கடி ஊற்றுவதால் மட்டும் கெடுதல் இல்லை. காற்றுக்கு இடமில்லாத பொடித்தூளில் அடிக்கடி ஊற்றுவதே கெடுதல். இரண்டு மூன்று ஆண்டு ஆன கோகோபீட் மக்கி, படிந்து, அடியில் பொடியாகச் சேர்ந்துவிடும். அதே தொட்டி, அதே செடி என்றாலும் தண்ணீர் முன்னைவிட நெடுநேரம் தேங்கும். பழைய தூளைச் சலித்துப் பொடியை நீக்கி, புதிய சில்லுகளைக் கலந்துகொள்வது நல்லது.

ஊற்றும்போது நன்றாக ஊற்றுங்கள்

எப்போது என்பது தெரிந்தது. எவ்வளவு? தினமும் ஒரு குவளை என்று தெளிப்பது கோகோபீட்டுக்கு ஆகாது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு உண்டு. கோகோபீட்டிலும் சோடியமும் பொட்டாசியமும் உண்டு. செடி நீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பகுதியைத் தொட்டியிலேயே விட்டுவிடும். நீர் பாதியானால் மிச்ச நீரில் உப்பின் செறிவு இருமடங்காகும். துளை வழியே சிறிதும் வெளியேறாமல் நாள்தோறும் ஒரு குவளை ஊற்றினால், ஊற்றிய உப்பு அத்தனையும் உள்ளேயே சேரும். மண் தொட்டியின் வெளிச்சுவரில் வெள்ளையாகப் பூப்பதும், இலை ஓரம் பழுப்பாகக் கருகுவதும் அதன் அடையாளங்கள். ஊற்றுகிற நாளில் மெதுவாக, முழுப்பரப்பும் நனைய, ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வடியும்வரை ஊற்ற வேண்டும். புதுக் கோகோபீட்டைத் தொட்டியில் போடுமுன் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிவதும் இதற்காகத்தான். முதல் அலசலில் தேநீர் நிறத்தில் வரும் நீர் போகப்போகத் தெளியும்.

வடிந்த நீரோடு சத்தும் போகும் என்பது உண்மை. கோகோபீட்டில் தழைச்சத்து என்று சொல்ல ஏதுமில்லை. சுண்ணாம்புச் சத்தையும் அது தன் பக்கம் பிடித்துவைத்துக்கொள்ளும். மண்புழு உரமோ நீரில் கரையும் உரமோ அவ்வப்போது கொடுத்தே ஆக வேண்டும். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்தே காய்வரை பயணம் செய்வதால், ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும் தொட்டியில் தக்காளியின் அடிப்பகுதி கறுத்துக் குழிவிழும். பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு.

முற்றிலும் காய்ந்துபோன கோகோபீட் சுருங்கித் தொட்டியின் ஓரத்திலிருந்து விலகிவிடும். அப்போது ஊற்றும் நீர் விளிம்பு வழியாக நேரே இறங்கி அடியில் வந்துவிடும். தண்ணீர் வடிந்ததே என்று நாம் திருப்திப்படுவோம். நடுவில் வேர்க்கட்டி காய்ந்தே கிடக்கும். ஊற்றியபின்னும் தொட்டி லேசாகவே இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துத் தொட்டியை அரைமணி நேரம் அதில் இறக்கி வையுங்கள். காய்ந்த பீட் மக்கு தண்ணீரை ஒட்டவிடாது. கோகோபீட் அந்த வகையில் சாதுவானது, சீக்கிரம் நனைந்துகொள்ளும்.

செம்மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றையும் சமமாகக் கலந்து நிரப்பியவர்களுக்கு எடை வித்தியாசம் சற்று மட்டாகத் தெரியும். ஆனாலும் சில நாள் பழக்கத்தில் கை பிடித்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் விரல்நீள ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் நீர் சொட்டினால் காத்திருக்கலாம். உள்ளங்கை மட்டும் ஈரமாகி உருண்டை நின்றால் நாளை பார்க்கலாம். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் இன்றே ஊற்ற வேண்டும்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஊருக்குப் போகும்போதும் பயமில்லை. பொங்கலுக்கு நாலு நாள் போகிறீர்கள் என்றால், கிளம்பும் அன்று காலை நன்றாக நனைத்து, பைகளை நிழலில் நெருக்கி வைத்துவிட்டுப் போகலாம். தை மாத வெயிலுக்கு, அதுவும் நிழலில், நடுத்தரச் செடிக்கு இரண்டரை லிட்டர் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். மே விடுமுறையில் அதே நாலு நாள் போகிறவர், நிழலுக்கு மாற்றினாலும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லும்போது "தினமும் ஊத்துங்க" என்று சொல்லாதீர்கள். "தூக்கிப் பாருங்க, லேசா இருந்தா மட்டும் ஊத்துங்க" என்று சொல்லுங்கள்.